எழுபத்தைந்து வயது அப்பாவும் பினாங்கில் ஒரு திறந்தவெளி நாடகமும்

வீட்டுப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு ஜார்ஜ் டவுனில் திறந்தவெளி நாடகம் பார்க்கப் போகலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், டிக்கெட் வாங்குவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எனக்குத் தொள்ளாயிரம் மலேசிய வெள்ளிக்கு மேல் போனது. காசு போனதைக்கூட மறந்துவிடலாம். அன்று ராத்திரி மழையில் அப்பாவை வைத்துக்கொண்டு ஆள் துணையில்லாமல் நின்றேனே, அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. ஒருத்தராவது முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது.

அப்பா என்னோடு கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறார். பிறந்து வளர்ந்தது பினாங்கு. அவருடைய அக்கா, எங்கள் அத்தை, இன்னும் ஆயர் ஈத்தாமில்தான் இருக்கிறார். எழுபத்தைந்தாவது பிறந்தநாளை அத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். ஜூலை கடைசி என்பதால் இங்கிலாந்தில் பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தது, அங்கே இருக்கும் என் அக்காவும் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். நாடக யோசனை அவளுடையது. லண்டன் ரீஜெண்ட்ஸ் பார்க்கில் 1932-இலிருந்து திறந்தவெளி அரங்கு ஒன்று நடக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போவாளாம். "புல்லுல பாய விரிச்சு சாண்ட்விச் சாப்பிட்டுட்டு, அப்புறம் போய் நாடகம் பாக்கலாம், அவ்வளவு நல்லா இருக்கும்" என்றாள். அந்தச் சமயம் பார்த்து, கடலோரப் புல்வெளியில் பங்சாவான் நாடகம் போடுகிறார்கள் என்ற விளம்பரம் என் கண்ணில் பட்டது. பங்சாவான் என்றால் அப்பாவுக்கு உயிர். சின்ன வயதில் நியூ வேர்ல்ட் பார்க்கில் பெரியப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த கதையை நாங்கள் கேட்காத பண்டிகை கிடையாது. பினாங்கில் பிறந்த கலை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பெனிகளைப் பார்த்து, இங்கே மலாய் மொழியில் போட ஆரம்பித்தார்கள். காட்சிக்குக் காட்சி திரை மாற்றும்போது முன்னால் ஒருவர் வந்து பாடுவார், அதற்கு 'எக்ஸ்ட்ரா டர்ன்' என்று பேர். அப்பாவுக்குக் கதையைவிட அதுதான் பிடிக்கும். அப்புறம் எப்படி வேண்டாம் என்பது? அறுபத்தைந்து வெள்ளி வீதம் ஐந்து டிக்கெட், 325 வெள்ளி. அத்தை மட்டும் "மழையில நனஞ்சுக்கிட்டு நாடகம் பாக்க எனக்கென்ன தலையெழுத்தா" என்று சொல்லிவிட்டார். அத்தை சொல்வதை எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்பதில்லை.

முதலில் பயணம். காரில் போயிருந்தால் பாலத்து நெரிசலில் அப்பாவின் முட்டி தாங்காது என்று இ.டி.எஸ். ரயில் எடுத்தோம். கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம். கால் நீட்டலாம், கழிப்பறைக்குப் போகலாம், இந்தப் பயணத்தில் நான் குறை சொல்லாத ஒரே விஷயம் அந்த ரயில்தான். ஆனால் விடுமுறைக் காலத்தில் டிக்கெட் சீக்கிரமே தீர்ந்துவிடும், நாள் முடிவானதும் வாங்கிவிடுங்கள். பட்டர்வொர்த்தில் இறங்கினால் தீவுக்குப் போகும் பெரி (படகு) ஏறும் இடம் பக்கம்தான், ஆனால் முட்டி வலிக்காரருக்கு அந்தப் பக்கமும் தூரம். அப்பா கைத்தடியோடு நடப்பார் என்றாலும், மடக்கும் சக்கர நாற்காலி ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். அது இல்லாவிட்டால் பெரி வரைக்கும்கூடப் போயிருக்க முடியாது.

தங்கும் இடத்தில்தான் முதல் அடி. ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு பழைய கடைவீடுகள் நிறைய ஹோட்டலாகிவிட்டன. படத்தில் பார்க்க ராஜா வீட்டுப் பிள்ளை போல இருக்கும்: பூப்போட்ட ஓடுகள், நடுவில் ஆகாசம் தெரியும் முற்றம், செதுக்கிய மரக்கதவு. நாங்கள் போனபோது அறை மாடியில் என்றார்கள். லிப்ட்? கிடையாது. செங்குத்தான மரப்படி, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. முன்பதிவு செய்யும்போது 'முதியவர் ஒருவர் வருகிறார், கீழ்த்தளம் வேண்டும்' என்று எழுதியிருந்தேன், அதற்கு 'கவனிக்கிறோம்' என்று பதிலும் வந்திருந்தது. கீழே இருக்கும் ஒரே அறையில் வேறு ஆள் இருக்கிறாராம். அப்பா படியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பரவால்லமா, மெதுவா ஏறிடுறேன்" என்றார். மூன்றாவது படியிலேயே முகம் வெளுத்துவிட்டது. இரண்டு இரவுக்கு 560 வெள்ளி கட்டிய அறை, காசு திரும்பாது என்ற சலுகை விலை வேறு. அக்காவும் பிள்ளைகளும் அங்கேயே தங்கினார்கள். நானும் அப்பாவும் லிப்ட் உள்ள வேறு இடத்துக்கு 620 வெள்ளி கொடுத்துப் போனோம். ஜூலை, ஆகஸ்டில்தான் வழக்கமாக ஜார்ஜ் டவுன் விழாவும் நடக்கும். அந்த நேரத்தில் போய் நின்றால் கேட்ட விலை கொடுக்க வேண்டியதுதான்.

இதில் உங்களுக்குச் சொல்ல வேண்டியது: கடைவீட்டு ஹோட்டலில் பெரியவர்களைத் தங்க வைப்பதென்றால் குறுஞ்செய்தியோடு நிற்காதீர்கள். நேரே போன் போட்டு அறை எண்ணைக் கேட்டு, அது எந்தத் தளம், குளியலறை வாசலில் படி உண்டா என்று கேளுங்கள். பல கடைவீடுகளில் குளியலறை அரையடி உயரத்தில் இருக்கும். காசு திரும்பாத விலையில் மிச்சமாகும் முப்பது நாற்பது வெள்ளிக்கு ஆசைப்பட வேண்டாம். இன்னொன்று, பழைய நகரத்தில் அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் இருக்கும் கூரை போட்ட நடைபாதையில், சக்கர நாற்காலி தள்ள முடியாது. ஒவ்வொரு கடை வாசலும் ஒவ்வொரு உயரம், நடுவில் மோட்டார் சைக்கிள், ஒட்டுக்கடை மேசை. கடைசியில் சாலையில் இறங்கி கார்களோடு கார்களாகத்தான் தள்ளிப் போக வேண்டியிருக்கும். முந்நூறு மீட்டர்தானே என்று கூகுள் வரைபடம் சொல்வதை நம்பாதீர்கள்.

பிறந்தநாள் பகல் நன்றாகவே போனது. தண்ணீர்மலை முருகனைப் பார்க்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. மேலே போக 513 படி, அது நடக்காத காரியம். கீழே சாலையோரம் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் இருக்கிறது, 1857-இல் கட்டியது, அங்கே அர்ச்சனை செய்தோம். முட்டி வலிக்காரர்களுக்கு அதுவே போதும், முருகன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். பிறகு அத்தை வீட்டில் மீன் குழம்பு, பிள்ளைகளுக்காக ஒரு கேக், பழைய ஆல்பம், யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டார்கள் என்ற வழக்கமான சண்டை. அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். அங்கேயே ராத்திரி வரைக்கும் உட்கார்ந்திருக்கலாம்.

ஆறரைக்குக் கிளம்ப வேண்டும் என்று நான் அவசரப்படுத்தினேன். அத்தை எலுமிச்சைச் சோறும் கோழிப் பிரட்டலும் டப்பாவில் கட்டிக் கொடுத்தார். அப்பாவுக்கு இனிப்பு நீர் இருக்கிறது, காலையும் மாலையும் இன்சுலின். நான் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் பழக்கப்படி தானே ஊசியைப் போட்டுக்கொண்டுவிட்டார். ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்து ஏழேகாலுக்குச் சாப்பிடலாம் என்றுதானே பேச்சு. நுழைவாயிலில் பையைத் திறந்து பார்த்த இளைஞன், வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாது என்றான். லண்டன் சாண்ட்விச் கதையெல்லாம் அந்த வாசலோடு முடிந்தது. இது மருந்துக்காக என்று நான் சொன்னேன். "சாரி ஆண்டி, ரூல்ஸ்" என்று டப்பாவை வாங்கி மேசைக்கு அடியில் வைத்துவிட்டான். உள்ளே இரண்டே கடை, இரண்டிலும் வால் போல வரிசை. கால் மணி நேரத்துக்கும் மேல் நின்று வாங்கிய ஹாட் டாக்கில் அப்பா பாதி தின்றுவிட்டு வேண்டாம் என்றார்.

பிறகு மேலதிகாரி போல இருந்த ஒரு பெண்மணியிடம் பேசியபோதுதான் தெரிந்தது, கிளினிக்கில் கொடுக்கும் நீரிழிவுப் புத்தகத்தைக் காட்டியிருந்தால் விட்டிருப்பார்களாம். அதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆகவே இன்சுலின் போடுகிறவரை அழைத்துப் போகிறீர்கள் என்றால் அந்தப் புத்தகத்தைப் பையில் வையுங்கள், சாப்பாட்டு அனுமதியை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள், சாப்பாடு கைக்கு வந்து சேரும் வரை ஊசியைத் தொட விடாதீர்கள். எட்டரை மணிக் காட்சி என்றாலே ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தை அது விழுங்கிவிடும். ஏன் எட்டரை என்றால், நம் ஊரில் ஜூலையில் சூரியன் இறங்கவே ஏழே முக்கால் வாக்கில் ஆகும், விளக்கு எடுபட இருட்ட வேண்டும். இருட்டுகிற அந்த நேரம்தான் ஏடிஸ் கொசு கடிக்கும் நேரமும். கொசு மருந்தை உள்ளே போன பிறகு தேடாமல் வீட்டிலேயே தடவிக்கொள்ளுங்கள்.

உட்காரும் இடம் இன்னொரு கூத்து. முன்னால் பாய், பின்னால் நாற்காலி என்று போட்டிருந்தது, நாங்கள் வாங்கியது நாற்காலி. போய்ப் பார்த்தால் கடற்கரைக்குக் கொண்டு போவார்களே, தரையோடு தரையாகக் கிடக்கும் துணி நாற்காலி, அது. அப்பா அதில் உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். சக்கர நாற்காலியிலேயே இருக்கட்டும் என்றால், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்று ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். மேடை பாதிதான் தெரிந்தது. நடமாடும் கழிப்பறைகள் லாரிப் பெட்டி மாதிரி உயரத்தில் இருந்தன, ஏற இரும்புப் படி. டிக்கெட் வாங்கும்போது நடிகர் யார், கதை என்ன என்று ஆயிரம் படம் போட்டிருந்தார்கள், நாற்காலியையும் கழிப்பறையையும் ஒரு படம் போட்டிருக்கலாம். நீங்கள் கேட்டு வாங்குங்கள். அனுப்பச் சொன்னால் அனுப்புவார்கள். அனுப்ப மறுத்தால் அதுவே பதில்.

நாடகம் ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால்தான் ஆரம்பித்தது. குறை சொல்ல மாட்டேன், அருமையாகத்தான் இருந்தது. முதல் எக்ஸ்ட்ரா டர்னில் ஒரு வயதான பாடகர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு பழைய மலாய்ப் பாட்டு ஒன்றை எடுத்ததும், அப்பா சக்கர நாற்காலியின் கைப்பிடியில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். பாட்டின் வரிகள் அவருக்குத் தெரிந்திருந்தன. எனக்கே கண் கலங்கியது. பத்தே முக்காலுக்குள் முடியும் என்றார்கள், எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஒன்பதே முக்கால் இருக்கும், கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று ஒன்று வந்தது. திரைச்சீலை உப்பியது. பினாங்கில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காற்று தெரியும். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "வருது" என்றார். வந்துவிட்டது. ஜூலையில் மழை குறைவு என்று எல்லாரும் சொல்வார்கள், பெருமழை செப்டம்பர், அக்டோபரில்தான். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. குடை விரிக்கக் கூடாது என்று முன்பே அறிவித்திருந்தார்கள். மழைக் கோட்டு விற்ற பையனிடம் சரக்கு ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. ஒலிபெருக்கியில் மின்சாரப் பாதுகாப்பு காரணமாக நாடகம் நிறுத்தப்படுகிறது என்றார்கள். கூட்டம் மொத்தமும் ஒரே வாசலை நோக்கி ஓடியது.

அக்கா கிராப் பிடித்துவிட்டாள், நாலு பேர் வண்டி. பிள்ளைகள் இருவர், அவள், அப்பா, நான், போதாக்குறைக்குச் சக்கர நாற்காலி. ஓட்டுநர் தலையை ஆட்டிவிட்டார். சின்னவன் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். "நீ அப்பாவப் பாத்துக்க, நான் இவங்கள விட்டுட்டுக் கூப்புடுறேன்" என்று ஏறிப் போய்விட்டாள். வேறு வழியில்லை என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த வண்டியின் பின்விளக்கைப் பார்த்தபோது வந்த ஆத்திரத்தை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. யோசனை அவளுடையது, அலைச்சல் என்னுடையது, என்றுதான் தோன்றியது.

ஈரப்புல்லில் சக்கர நாற்காலியின் முன் சக்கரம் இரண்டும் புதைந்து நின்றுவிட்டன. தள்ளத் தள்ள இன்னும் இறங்கியது. கூடாரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு மலாய் அண்ணன் ஓடி வந்து, நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுக்கச் சொன்னார். பெரிய சக்கரம் முன்னால் போனால் புதையாது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மணலிலும் உதவும். ஒலிப்பதிவுக்காரர்களின் கூடாரத்துக்கு அடியில் போய் நின்றோம். அங்கேதான் கவனித்தேன், அப்பா பேசவில்லை. நெற்றியைத் துடைத்துவிட்டேன், மறுபடி ஈரமானது. மழை இல்லை, வியர்வை. கை நடுங்கியது. "என்னப்பா?" என்றால், "ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல" என்று குழறினார்.

சர்க்கரை சோதிக்கும் கருவி என் கைப்பையில் எப்போதும் இருக்கும். கைத்தொலைபேசியை வாயில் கவ்விக்கொண்டு அந்த வெளிச்சத்தில் அவர் விரலைத் துடைத்துக் குத்தினேன். மில்லிமோல் கணக்கில் 3.4 காட்டியது. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று கிளினிக் தாதி மண்டையில் அடித்து அடித்துச் சொல்லியிருக்கிறார். என்னிடம் பிறந்தநாள் கேக் துண்டு ஒன்று இருந்தது, கை அதற்குத்தான் முதலில் போனது. கேக்கில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும், குடிக்கிற இனிப்புதான் முதலில் தர வேண்டும் என்பதும் அதே தாதி சொன்னதுதான். அக்கா மகன் விட்டுப் போன பையில் ஒரு ரிபேனா பழரசப் பாக்கெட் கிடந்தது. அதைக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்தக் கால் மணி நேரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். முதலில் என் விரலைப் பிடித்திருந்த அவர் பிடி இறுகியது, பிறகு பேச்சு தெளிந்தது. "அந்தப் பாட்டுக்காரன் ரெண்டாவது சரணத்த மாத்திப் பாடிட்டான்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மறுபடி குத்திப் பார்த்தேன், 4.6. அப்புறம்தான் அந்தக் கேக்கைக் கொடுத்தேன். மயங்கி விழுந்து விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-க்கு அடிக்க வேண்டும், இதையும் மனதில் வையுங்கள். பழரசப் பாக்கெட் இரண்டு பையில் கிடக்கட்டும், எடை ஒன்றும் கூடிவிடாது.

வண்டி கிடைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆயிரம் பேர் ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்தில் கூப்பிட்டால் எந்த ஓட்டுநர் உள்ளே வருவார்? கடைசியில் ஆறு பேர் வண்டி ஒன்று 48 வெள்ளிக்கு வந்தது, சாதாரண நாளில் பத்து வெள்ளித் தூரம். எனக்குப் பிறகு ஒரு உள்ளூர்க்காரர் சொன்ன வழி இது: ஓட்டுநரிடம் முன்பே பேசி, திரும்பும் நேரத்தையும் இரண்டு தெரு தள்ளிக் கூரையுள்ள ஓர் இடத்தையும் குறித்துக்கொள்வது. பெரியவர் இருந்தால் கூட்டத்தோடு வெளியேறாமல், மழை வாசனை வந்ததுமே எழுந்துவிடுவது. வானிலைத் துறையின் ரேடார் படத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்தால் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கொஞ்ச நேரம் முன்னாலேயே தெரியும்.

டிக்கெட் காசு கேட்டு எழுதினேன். நாடகம் பாதிக்கு மேல் நடந்துவிட்டதால் முழுக் காட்சியாகக் கணக்கு என்று பதில் வந்தது. விதிமுறையின் கடைசிப் பத்தியில் அது இருக்கத்தான் செய்தது, பொடி எழுத்தில். அக்கா போகும் லண்டன் அரங்கில் மழையால் நின்றுபோனால் வேறு நாளைக்கு டிக்கெட் மாற்றித் தருவார்களாம். இங்கே ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு விதி. வாங்கும் முன் இரண்டு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: எத்தனை மணிக்குப் பிறகு நின்றால் காசு திரும்பாது, மழை நாளுக்கு மாற்று அரங்கு உண்டா. உண்டு என்பவர்களிடம் மட்டும் வாங்குங்கள். ஹோட்டலோடு பலமுறை பேசி, நான் கீழ்த்தளம் கேட்டதற்கு அவர்கள் அனுப்பிய பதிலைப் படமெடுத்து அனுப்பிய பிறகு ஓர் இரவுக் காசு, 280 வெள்ளி, திரும்பி வந்தது. அந்தப் பதிலை அழிக்காமல் வைத்திருந்ததுதான் காப்பாற்றியது.

பெரியவர்களுக்கு வெளியில் நாடகம் காட்டியே தீர வேண்டும் என்றால் பினாங்கில் இன்னொரு வழி இருக்கிறது. சீனர்களின் ஏழாம் மாதத்தில், பெரும்பாலும் ஆகஸ்ட் வாக்கில், தெருவோரங்களிலும் கோயில் முன்னாலும் மேடை போட்டுச் சீன ஓப்பரா நடத்துவார்கள். காசு கிடையாது, நாற்காலி உண்டு, தூறல் போட்டால் பக்கத்துக் காப்பிக் கடையில் ஒதுங்கலாம், பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் எழுந்து வீட்டுக்குப் போகலாம். முன்வரிசையில் மட்டும் உட்காராதீர்கள், அது ஆவிகளுக்கு என்று காலியாக விட்டிருப்பார்கள். அப்பாவிடம் சொன்னேன், கண் மின்னியது. அத்தையிடம் சொன்னதற்கு, "பொறந்தநாளு முடிஞ்ச கையோட பேய் நாடகமா?" என்று போனை வைத்துவிட்டார்.